புறம்போக்கும் பூநாரையும்: மா. கிருஷ்ணனைப் பழவேற்காட்டில் வைத்து வாசித்தல்

1

'குருவி பாக்கிறவனுக்கு என்னய்யா அரசியல்?' இயற்கையியலாளர் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்ததுமே தோழர்களிடமிருந்து வரும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பைனாகுலரும் தொப்பியுமாக ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வந்து, படகு பிடித்து, பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து, இறால் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் கூட்டத்தைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். படகைத் தள்ளுகிறவரின் வலை ஏன் காலியாக இருக்கிறது என்று அந்தக் கூட்டம் கேட்பதில்லை. மீனவர் போராட்டத்துக்குத் துண்டறிக்கை எழுதும் நாமும் பறவை ஏன் குறைந்தது என்று கேட்பதில்லை என்பது வேறு விஷயம். அவர்களுக்குப் பறவை, நமக்கு மனிதன் என்று யாரோ ஏற்கனவே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டாற்போல இருக்கிறது. இந்தப் பாகப்பிரிவினை யாருக்கு லாபம் என்பதை யோசிக்கத்தான் மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. தமிழ் நாவலின் தொடக்க வரலாற்றைப் பேசும் நம் கட்டுரைகள் மாதவையாவோடு நின்றுவிடும். மகனைத் தெரிந்தவர்களோ பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகை வாசித்தவர்கள். ஒரே வீட்டில் இரண்டு நூலகம்.

மாதவையா பிழைப்புக்குப் பார்த்தது உப்பு இலாகா உத்தியோகம். கடற்கரையின் சேற்றையும் உப்பையும் வரியாக மாற்றிய காலனிய இயந்திரத்தில் ஓர் அதிகாரி. வேலையை விட்டபின் 'பஞ்சாமிர்தம்' பத்திரிகை நடத்தினார். 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட்டில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. அப்பா உப்பையும் தமிழையும் விட்டுச்சென்றார். பிள்ளை பிற்பாடு எடுத்துக்கொண்டது மூன்றாவது ஒன்றை. ஆனால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல என்பதைப் பழவேற்காட்டுக்குப் போனால் புரிந்துகொள்ளலாம்.

2

மாநிலக் கல்லூரியில் தாவரவியலாளர் ஃபைசனிடம் கிருஷ்ணன் செடிகொடிகளைக் கற்றார். சட்டமும் படித்தார். வக்கீல் தொழில் ஒத்துவரவில்லை. 1942 முதல் சந்தூர் சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். அந்தக் காட்டோரத்து வாழ்க்கையில்தான் அவரது பார்வை தேறியது எனலாம். சமஸ்தானம் இணைக்கப்பட்டபின் சென்னை திரும்பியவர், அதற்கப்புறம் எந்த அலுவலகத்துக்கும் கையெழுத்துப் போடப் போகவில்லை. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை, 46 ஆண்டுகள் எழுதினார். கூடவே கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பல பாகங்களை ஒட்டவைத்துத் தானே சேர்த்துக்கொண்ட கேமரா. நேரு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது.

இந்த விவரங்களை வைத்து ஒரு புனிதரைச் செய்துவிடலாம். அது நமக்கு வேண்டாம். அவர் எப்படிப் பார்த்தார் என்பதுதான் முக்கியம்.

இந்தியாவில் இயற்கை வரலாறு என்ற சொல்லாடல் துப்பாக்கியோடு வந்தது. சுடு, தோலை உரி, பஞ்சு அடை, சீட்டு எழுது, லண்டனுக்கு அனுப்பு. சலீம் அலியின் (1896-1987) சுயசரிதைகூட, சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியிலிருந்துதான் தொடங்குகிறது. பெயர் தெரியாத அந்தக் குருவியை எடுத்துக்கொண்டு கழகத்தின் படியேறியபோது அங்கே அடுக்கடுக்காக அடைத்து வைத்திருந்த பறவைகளை அவர் கண்டார். பின்னாளில் கட்ச் ரண்ணின் சேற்றில் பூநாரைகள் லட்சக்கணக்கில் கூடுகட்டுவதை எழுதி உலகுக்குச் சொன்னவரும் அவரேதான். சேகரிப்பவரின் கண் மெல்ல மெல்ல வாழ்விடத்தைப் பார்க்கும் கண்ணாக மாறிய வரலாறு அவருடையது.

கிருஷ்ணன் சேகரிப்பாளர் அல்லர். காத்திருப்பவர். புலி, யானைக்குக் கொடுத்த கவனத்தை வீட்டுக் கூரைக் காக்கைக்கும் அணிலுக்கும் வயக்காட்டுக் கீரிக்கும் கொடுத்தார். அரிய விலங்கு, சாதாரண விலங்கு என்ற படிநிலையை அவர் எழுத்து ஏற்றுக்கொள்வதில்லை. ஜமீன்தார் சுட்ட புலியின் தலை சுவரில் தொங்கும். காக்கையின் தலையை யாரும் மாட்டுவதில்லை. அரியதை மட்டுமே பார்க்கும் கண் அந்தஸ்தைப் பார்க்கும் கண்தான். சாதாரணத்தைப் பார்த்தல் என்பது, அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும், ஒரு சமூக நிலைப்பாடு.

இன்னொன்று, மண்ணுக்குரிய தாவரம் பற்றிய அவரது பிடிவாதம். நகரத்துச் சாலைகளிலும் காப்பகங்களிலும் வெளிநாட்டு அலங்கார மரங்களை நடுவதை விடாமல் எதிர்த்தார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் மதத்திலோ கோபுரத்திலோ இல்லை, அதற்கே உரிய செடிகொடிகளிலும் உயிரினங்களிலும் இருக்கிறது என்பது அவர் வாதம். 'தேசியம்' என்ற சொல்லை யார் யாரோ கையில் எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்துவிட்ட பிறகு, எருக்கையும் காரையையும் கொண்டு தேசத்தை வரையறுத்த ஒருவர் இருந்தார் என்பது நமக்கு உதவும். அதே சமயம், 'நம்முடையது', 'அந்நியம்' என்ற இருமையை மனிதர்மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் மறக்கக்கூடாது. கும்மிடிப்பூண்டியில் ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. சிப்காட் ஆலைகளில் உருக்குலையடியில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார்க்காரர்கள். செடிக்குச் சொன்ன நியாயத்தை ஆளுக்குச் சொல்ல முடியாது. கிருஷ்ணனிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போது இந்த எச்சரிக்கை தேவை.

3

மொழி விஷயம். கிருஷ்ணன் தமிழில் எழுதாமல் இல்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்கு, பறவை பற்றி எழுதினார். பத்திரிகைகளில் எழுதியவை பல காலம் சிதறிக் கிடந்து, தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' வழியாகத்தான் (2002) இலக்கிய வாசகர் கைக்கு வந்தன. பிறகு பெருமாள்முருகன் தொகுத்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்'. ஆனாலும் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பேசிக்கொண்டே செத்தவரின் பிள்ளைக்கு, வாரிக் கொடுக்க ஒரு தமிழ்ப் பத்திரிகை 46 வருஷம் இடம் தந்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தால் குற்றம் அவர்மேல் மட்டும் இல்லை என்று தெரியும்.

நம் நவீன இலக்கியத்தில் பறவை என்றால் 'ஏதோ ஒரு பறவை'. மரம் என்றால் 'பெயர் தெரியாத மரம்'. சங்கக் கவிஞனுக்கு இந்தச் சோம்பல் கிடையாது. நெய்தலில் நாரை நின்றால் அது எந்தக் கழியில், எந்த வேளையில், எந்த மீனுக்காக நிற்கிறது என்று சொல்வான். செங்கால் நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவருக்கு அது தெற்கே வந்து வடக்கே திரும்பும் பறவை என்பது தெரிந்திருக்கிறது. அலகுக்கு அவர் தேடிப்பிடித்த உவமை பனங்கிழங்கு. கிருஷ்ணன் சங்கப் பாடல்களை இந்தக் கோணத்தில்தான், கண்ணால் கண்டவனின் சாட்சியமாக, வாசித்தார். நாமோ திணையைக் கோட்பாடாக்கிவிட்டு நாரையைப் பறக்கவிட்டுவிட்டோம்.

பழவேற்காட்டில் பெயர்கள் இன்னும் செத்துப்போகவில்லை. பூநாரை, கூழைக்கடா, ஆலா, உள்ளான், நீர்க்காகம், மடையான். ஆலா கூட்டமாகச் சுற்றிச் சுற்றி விழுந்தால் அடியில் மீன் ஓடுகிறது என்பது வலைக்காரனுக்குப் பிழைப்பு சார்ந்த அறிவு. அவனை இயற்கையியலாளன் என்று எந்தக் கழகமும் சொல்லாது. அவன் அறிவு 'தகவல்' என்ற பெயரில் ஆய்வேட்டில் ஏறும். எழுதியவர் பெயர் மேலே, சொன்னவர் பெயர் எங்கேயும் இல்லை.

4

இனி ஏரி எப்படி உயிர் வாழ்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். இது தெரியாமல் மற்றதைப் பேச முடியாது.

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகியவை நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் ஏறி இறங்குகிறது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் போகிறது. அங்கே குடியிருந்த யானாதிகள் அதற்கு முன்பே வெளியே போகவேண்டியதாயிற்று.

முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைபட்டால் கோடையில் நீர் வற்றி உப்பேறும். திறந்திருந்தால் இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வந்து, ஆழமில்லாத சேற்றில் வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில்தான் மீனவரின் வலை நிற்கிறது. பூநாரையும் அந்தச் சேற்றை நம்பித்தான் வருகிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அளைந்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகோரச் சல்லடையில் சிக்கும் சிறு உயிர்களையும் பாசியையும் தின்கிறது. கால் எட்டுகிற ஆழம்வரைதான் அதற்கு ஏரி. ஆழப்படுத்தினாலும் போச்சு, அடைபட்டு வற்றினாலும் போச்சு. ஆக, பூநாரை அழகுப் பொருள் அல்ல. இரண்டு காலில் நிற்கும் ஓர் அளவுகோல். இறாலுக்கு எது நல்லதோ ஏறத்தாழ அதுவே பூநாரைக்கும் நல்லது.

அந்த நீரைப் பங்கிட மீனவர்கள் வைத்திருக்கும் முறை 'பாடு'. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை மாற்றி, தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அள்ளி ஏரியைக் காலி செய்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது. பொதுச்சொத்து என்றாலே சீரழியும் என்று எழுதிய பொருளாதாரப் பண்டிதர்கள் வந்து பார்க்கவேண்டிய இடம். ஆனால் பாட்டை ரொமான்டிக்காகப் பார்ப்பதும் தப்பு. பாடு சாதிக் கட்டுக்குள் நிற்கிற உரிமை. அதற்கு வெளியே நிற்கும் இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரி எல்லோரையும் சமமாக நடத்தலாம், கரை நடத்துவதில்லை.

இதன்மேல் அரசின் கோடு விழுகிறது. 1976இல் ஆந்திரப் பகுதியும், 1980இல் தமிழ்நாட்டுப் பகுதியும் பறவைகள் சரணாலயமாயின. தமிழகப் பகுதி மட்டும் சுமார் 153 சதுர கிலோமீட்டர். நேற்றுவரை பாடு நடந்த நீர் இன்றைக்குச் சட்டத்தின் கண்ணில் பறவையின் நீர்.

5

இங்கேதான் கிருஷ்ணனோடு எனக்குச் சண்டை. காப்பகம் என்றால் மனிதத் தலையீடு இல்லாததாக, மாடு மேயாததாக, விறகு வெட்டாததாக இருக்கவேண்டும் என்பது அவர் நிலை. அவர் கண்ட அழிவைப் பார்த்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் 'மனிதன்' என்று ஒரே சொல்லில் சொல்லும்போது பறி கடித்த இருளப் பெண்ணும் அனல்மின் நிலையமும் ஒரே பட்டியலில் வந்துவிடுகிறார்கள். அதிகாரம் இதைத்தான் விரும்பும். சின்னத் தலையீட்டை விரட்டச் சரணாலயச் சட்டம். பெரிய தலையீட்டை அழைக்க வேறொரு அரசாணை.

மறுப்பு அவர் எழுதிய வேடந்தாங்கலிலேயே இருக்கிறது. அங்கே பறவைகளை முதலில் காத்தது வனத்துறை அல்ல, ஊர். கூடுகளின் கீழே எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது விவசாயிக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே காப்புரிமைச் சாசனம் வாங்கினார்கள். பயன்பாடும் பாதுகாப்பும் எதிரெதிர் என்ற கதையாடலுக்கு வேடந்தாங்கல் அடங்குவதில்லை.

சரி, அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது? 'புறம்போக்கு' என்ற சொல்லின்மேல் அவர் பார்வை என்ன செய்யும் என்று யோசிக்கலாம். புறம்போக்கு என்றால் தீர்வை விதிக்கப்படாத நிலம். யாருக்கும் பட்டா இல்லாததால் எல்லோருக்குமான மேய்க்கால், ஏரி, கழி, காடு. வரி தராததால் வருவாய்த்துறைக்கு வீண். 'தரிசு', 'பயனற்றது' என்ற பெயர்கள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன. கடைசியில் அது மனுஷனைத் திட்டும் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. எண்ணூரைப் பற்றி 2017இல் வந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இந்த வசையைத்தான் திருப்பிப் போட்டது. பாடுவதற்கு வெகுகாலம் முன்பே புதர்க்காட்டை உட்கார்ந்து பார்த்தவர் கிருஷ்ணன். முள்ளும் புதரும் மண்டிய அந்த நிலத்தில் கௌதாரி உண்டு, கீரி உண்டு, முயல் உண்டு, நரி உண்டு என்று ஒவ்வொன்றாக எழுதினால் 'அங்க ஒண்ணுமில்ல சார்' என்று கோப்பில் எழுத முடியாது.

கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய்கண்டிகையில் அப்படித்தான் எழுதினார்கள். தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் ஊர். மாடு மேய்க்கவும் விறகும் மூலிகையும் எடுக்கவும் தலைமுறைகளாகக் காத்துவந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்காலும் காடும் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போயிற்று. மக்கள் மறித்தார்கள், கைதானார்கள், நீதிமன்றம் போனார்கள். அங்கே டயர் ஆலை கட்டிய நிறுவனம் பிரான்ஸைச் சேர்ந்தது என்பதால் 2012இல் புகார் பாரிஸ்வரை போயிற்று. ஆலை வந்துவிட்டது. அந்தக் காட்டில் என்னென்ன பறவை இருந்தது என்று வெட்டுவதற்கு முன் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்தோமா?

எண்ணூர்ப் பக்கம் கதை இன்னும் நூதனம். 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், அதற்கு நிலக்கரி இறக்க 2001இல் துறைமுகம், பிறகு வல்லூர், காட்டுப்பள்ளி. உப்பளமும் கழியும் சாம்பலால் மேடாயின. 1996இல் அங்கீகரிக்கப்பட்ட கடற்கரை வரைபடத்தில் இருந்த கழிமுகம் பின்னாளில் காட்டப்பட்ட வரைபடத்தில் காணோம் என்பதைச் செயல்பாட்டாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். கழியைத் தூர்க்க லாரி வேண்டும். அதற்கு முன்னால் ஒரு அழிரப்பர் போதும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டமும், 2023 செப்டம்பரில் வைத்ததும் நடக்கவில்லை. மீனவர் சொல்வது, கடலுக்கும் காயலுக்கும் நடுவே உள்ள மெல்லிய மணல்மேடு அரித்துப்போனால் காயலே கடலாகிவிடும் என்பது. கால் எட்டும் ஆழம் என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்குதான் இதுவும்.

6

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழி முழுதும் பரவியது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப் பறக்கமுடியாமல் அலைந்தன. அதே கழியில் மீனவர்கள் படகில் நின்று எண்ணெயைப் பக்கெட்டில் கையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பறவைக்காரர்கள் கூழைக்கடாவைப் பிடித்துக் கழுவக் கவலைப்பட்டார்கள்; நாம் நஷ்டஈடு கேட்டு மனு எழுதினோம். இரண்டும் தேவைதான். ஆனால் படகின் விளிம்பில் அப்பியதும் இறகில் அப்பியதும் ஒரே எண்ணெய் என்பதை ஒரே மனுவில் எழுத நமக்கு வரவில்லை. முதலில் சொன்ன பாகப்பிரிவினை யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. பறவை இழப்புக்கு ஒரு கணக்கு, வலை இழப்புக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக வைத்தால் இரண்டையுமே சுலபமாகத் தள்ளுபடி செய்துவிடலாம்.

மா. கிருஷ்ணனை நினைவுகூர்வது என்றால் படத்துக்கு மாலை போடுவது இல்லை. அவர் செய்தது மிகச் சாதாரணமான வேலை. போனார், பார்த்தார், தேதி போட்டு எழுதினார், அடுத்த தடவையும் போனார். 46 வருஷம். இந்த வேலையை ஏரிக்கரையில் இருப்பவர்கள் தமிழில் செய்தால் எப்படியிருக்கும்? முகத்துவாரம் எந்தத் தேதியில் அடைபட்டது, பூநாரை எந்த வாரம் வந்தது, பாட்டில் அன்று எத்தனை கிலோ இறால் விழுந்தது, இருளப் பெண்ணின் பறியில் எவ்வளவு என்று ஒரே நோட்டில், அடுத்தடுத்த பத்தியில். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் ஆங்கிலத்தில், சில வாரப் பார்வையை வைத்து எழுதப்படுகின்றன. அதற்கு எதிரே நீட்டுவதற்கு நம் கையில் பத்து வருஷ நோட்டு இருந்தால் பேச்சே வேறு.

இந்த அக்டோபரில் பறவைகள் வரத் தொடங்கும். கருத்துக்கேட்புக் கூட்டம் மறுபடி எப்போது வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நோட்டை அதற்கு முன்னால் ஆரம்பித்துவிடலாம்.